கேஸா, இண்டக்ஷனா, இன்ஃப்ராரெட்டா? அடுப்பு வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, எத்தனை வாட் என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு. வீட்டில் தோசைக்கல் என்ன வகை, குழம்பு வைப்பது எதில், சமையலறையில் பவர் பிளக் இருக்கிறதா, இந்த மூன்றையும் சொல்லுங்கள் என்பேன். பாத்திரத்தையும் வயரிங்கையும் பார்க்காமல் அடுப்பை வாங்கி வந்துவிட்டு, பிறகு அந்த அடுப்புக்காக வீட்டுப் பாத்திரம் முழுவதையும் மாற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அடுத்தவருக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்றுதான் அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒரு அடுப்புதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

நான்கு பேர் இருக்கும், தினமும் தோசை, சப்பாத்தி, குழம்பு, பொரியல் என்று நடக்கும் வீட்டுக்கு இன்னும் கேஸ் அடுப்புதான். எந்தப் பாத்திரமும் ஏறும், வாணலியின் வளைந்த அடியைத் தீ சுற்றிப் பிடிக்கும், கத்தரிக்காயையும் அப்பளத்தையும் நேரடியாகச் சுடலாம், கரண்ட் போனாலும் சமையல் நிற்காது. தனியாகவோ இருவராகவோ இருந்து, குக்கரில் சாதம், பருப்பு, ஒரு கூட்டு என்று முடித்துக்கொள்பவர்களுக்கு இண்டக்ஷன் மட்டுமே போதும். ஆனால் முடிந்தவரை இரண்டும் இருக்கட்டும். சிலிண்டர் தீர்ந்த அன்றும் கரண்ட் இல்லாத அன்றும்தான் அதன் அருமை தெரியும்.

இண்டக்ஷனில் தீயே இல்லையே, பாத்திரம் எப்படிச் சூடாகிறது?

கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகி, அது மேலே இருக்கும் பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதைச் சூடாக்குகிறது. சூடாவது பாத்திரம்தான், அடுப்பு இல்லை. கண்ணாடி சுடுவது பாத்திரத்திலிருந்து இறங்கிய சூட்டினால். அதனால்தான் பாத்திரத்தை எடுத்ததும் அடுப்பு தானாக நின்றுவிடுகிறது, சுற்றியுள்ள காற்று வீணாகச் சூடாவதில்லை, மே மாதத்துச் சமையலறையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2000 வாட் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நிமிடத்தை ஒட்டிக் கொதித்துவிடும்.

என் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் பீப் பீப் என்று கத்துகிறது. அடுப்பு பழுதா?

அடுப்பில் பழுதில்லை, பாத்திரத்தில் காந்தம் பிடிக்கவில்லை. எவர்சில்வரிலேயே பல கலவைகள் உண்டு. காந்தம் ஒட்டும் வகையும் இருக்கிறது, ஒட்டாத வகையும் இருக்கிறது, நம் வீட்டுச் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெரும்பாலும் ஒட்டாத வகைதான். ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் காந்த பொம்மையை எடுத்து அடிப்பாகத்தில் வையுங்கள், கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் ஏறும், வழுக்கி விழுந்தால் ஏறாது. பாத்திரக் கடைக்குப் போகும்போதும் அந்தப் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காந்தம் பிடித்தாலும் அடி தட்டையாக இருக்க வேண்டும், அகலம் நான்கைந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டிகாக்‌ஷன் சூடு பண்ணும் சின்னக் கிண்ணத்தைப் பல அடுப்புகள் கண்டுகொள்வதே இல்லை.

ஏறாத பாத்திரத்துக்கு அடியில் வைக்க ஒரு இரும்புத் தட்டு விற்கிறார்களே என்று கேட்பார்கள். தட்டு சூடாகி, அது பாத்திரத்துக்குச் சூட்டைக் கடத்த வேண்டும், நடுவில் நிறைய வீணாகிறது, கண்ணாடியும் தேவையில்லாமல் காய்கிறது. அந்தக் காசில் காந்த அடி வைத்த ஒரு நல்ல பாத்திரமே வாங்கிவிடலாம்.

நம் ஊர்ப் பாத்திரங்களில் எது எதில் ஏறும்?

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரும்புத் தோசைக்கல், வார்ப்பிரும்புக் கல் இரண்டிலும் காந்தம் பிடிக்கும், இண்டக்ஷனில் ஏறும். சிக்கல் அகலத்தில். உள்ளே இருக்கும் சுருள் பெரும்பாலும் ஆறேழு அங்குலம்தான், உங்கள் கல் பதினொன்று, பன்னிரண்டு அங்குலம். நடுவில் தோசை கருகும், ஓரம் வெள்ளையாக மாவாகவே நிற்கும். கல்லை வைத்ததும் 1800 வாட்டில் போடாமல், 600, 800 வாட்டில் ஐந்தாறு நிமிடம் காயவிட்டு, சூடு ஓரம் வரை பரவிய பிறகு ஏற்றினால் ஓரளவு சரியாக வரும். மெல்லிய இரும்புத் தகட்டுக் கல்லை எடுத்ததும் முழுச் சூட்டில் வைத்தால் நடுப்பகுதி உப்பி வளைந்துவிடும், அதற்குப் பிறகு எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். மொறுமொறு நெய் ரோஸ்ட் வேண்டும் என்கிற வீட்டில் தோசைக்குக் கேஸ்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணியாரக்கல் வார்ப்பிரும்பாக இருந்தாலும் அடியில் குழிகள் துருத்திக்கொண்டிருந்தால் இண்டக்ஷனில் சரியாக உட்காராது. அலுமினிய குக்கரும் இட்லிப் பானையும் ஏறாது, அடியில் காந்தத் தகடு பதித்து வருபவை மட்டும் ஏறும். பித்தளை, செம்பு ஏறாது.

ஈயச்சொம்பு எதிலும் கவனம் வேண்டிய பாத்திரம். ஈயச்சொம்பு என்று சொன்னாலும் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும், சின்னத் தீயில், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இண்டக்ஷன் அதைக் கண்டுகொள்ளாது, கண்ணாடிக்கு அடியில் இழை சிவந்து காயும் இன்ஃப்ராரெட்டில் வைக்கவே வேண்டாம். ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து சொம்பில் மாற்றுவது இன்னும் பாதுகாப்பு.

மண்சட்டிக்கும் மாக்கல் சட்டிக்கும் கேஸில் சின்னத் தீதான் நல்லது. அடி தட்டையாக இருந்தால் இன்ஃப்ராரெட்டிலும் வைக்கலாம், சூட்டைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இண்டக்ஷனில் இரண்டும் ஏறாது.

அப்படியானால் எல்லாப் பாத்திரமும் ஏறும் இன்ஃப்ராரெட் அடுப்பே நல்லதில்லையா?

வெளியிலிருந்து பார்த்தால் இண்டக்ஷனும் இன்ஃப்ராரெட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், வேலை செய்யும் விதம் வேறு. இன்ஃப்ராரெட்டில் கண்ணாடிக்கு அடியில் இழை சிவந்து காய்ந்து, அந்தச் சூடு மேலே வருகிறது. காந்தம் தேவையில்லை, அலுமினியம், செம்பு, மண் எல்லாம் ஏறும், மேலே கம்பி வலை வைத்துச் சப்பாத்தியும் சுடலாம். ஆனால் முதலில் அடுப்பு காய வேண்டும், அப்புறம் பாத்திரம் காய வேண்டும், இண்டக்ஷனை விட மெதுவாகவும் கரண்ட் கூடுதலாகவும் இழுக்கும். அணைத்த பிறகும் கண்ணாடி நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், சிவப்பு மறைந்துவிட்டதால் ஆறிவிட்டது என்று தோன்றும். குழந்தை ஓடியாடும் வீட்டில் தரைக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். இருக்கிற அலுமினியப் பாத்திரங்களை மாற்ற முடியாதவர்களுக்கு இது நல்ல துணை அடுப்பு, மற்றவர்களுக்கு இண்டக்ஷன் போதும்.

கரண்ட் அடுப்பு செலவு குறைவா, கேஸ் செலவு குறைவா?

ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், ஏனென்றால் அவரவர் வீட்டுப் பில்லைப் பொறுத்து இரண்டு பதிலும் உண்மை. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வழி சொல்கிறேன்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஒரு கிலோவில் ஏறக்குறைய 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு, ஆக மொத்தம் 180 யூனிட் போல வரும். அதில் பாத்திரத்துக்குள் போவது அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (நல்ல அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது ஆய்வகச் சோதனையில் குறைந்தது 68, வீட்டில் காற்று, அழுக்கு பர்னர் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும்). இண்டக்ஷன் வாங்கும் மின்சாரத்தில் எண்பத்தைந்து சதவீதம் போலப் பாத்திரத்துக்குப் போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் 130 யூனிட்டை ஒட்டிச் செய்துவிடும். சிலிண்டருக்கு நீங்கள் கடைசியாகக் கொடுத்த விலையை 130ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு 900 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 90 பைசா. உங்களுக்கு ஒரு கூடுதல் யூனிட் அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் இண்டக்ஷன் லாபம், கூடுதலாக இருந்தால் கேஸ் லாபம்.

இந்த “கூடுதல் யூனிட்” என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், மேலே போகப் போக படிப்படியாக விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். மாதம் ஒரு சிலிண்டர் எரிக்கும் வீடு முழுக்க இண்டக்ஷனுக்கு மாறினால் ஒரு பில்லுக்கு 260 யூனிட் கூடும். இப்போது 200 யூனிட்டில் இருக்கிற வீட்டுக்கு அது தாங்கும். ஏசி ஓடி ஏற்கெனவே 350, 400 வருகிற வீட்டை அது 500க்கு மேலே தள்ளிவிடும், சமையலுக்காக மட்டுமில்லாமல் மின்விசிறிக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். அதனால் தை, மாசியில் இண்டக்ஷனை நிறையப் பயன்படுத்தி, ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில் கேஸுக்குத் திரும்பலாம். கூரையில் சோலார் போட்டிருப்பவர்கள் பகலில் இண்டக்ஷனில் சமைக்கத் தயங்கவே வேண்டாம்.

எந்த பிளக்கில் மாட்டுவது? இன்வெர்ட்டரில் ஓடுமா?

2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியரை ஒட்டி இழுக்கும். ஃபேன், லைட் ஸ்விட்ச்சோடு இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது, அதில் மாட்டினால் பிளக் முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒருநாள் தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். பெரிய முனை கொண்ட 16 ஆம்பியர் பவர் பிளக், தனி வயர், சரியான எர்த், இவை கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அரைமணி நேரம் சமைத்த பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். வீட்டில் வழக்கமாக இருக்கும் இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

சிம்மில் வைத்தாலும் பால் திடீரென்று பொங்குகிறதே, ஏன்?

விலை குறைந்த இண்டக்ஷன் அடுப்புகள் 300, 400 வாட்டில் தொடர்ந்து எரிவதில்லை. சில நொடி 1000 வாட்டில் எரிந்து, சில நொடி நின்று, மறுபடி எரிந்து சராசரியைக் குறைத்துக் காட்டுகின்றன. குழம்புக்கு அது தெரியாது, பாலுக்கும் பாயசத்துக்கும் தெரியும். வாங்கும்போதே கடையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மிகக் குறைந்த அளவில் போட்டுப் பாருங்கள், கொதி விட்டுவிட்டு வந்தால் அது இந்த வகை. மேலே “தோசை”, “இட்லி”, “பால்” என்று போட்டிருக்கும் பட்டன்கள் எல்லாம் முன்கூட்டியே குறித்து வைத்த வாட்டும் நேரமும்தான், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இண்டக்ஷன் ஏன் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுகிறது?

நான் பார்த்தவரை முதல் காரணம் கரப்பான் பூச்சி. அடியில் காற்றுப் போகும் துளை வழியாக நுழைந்து, வெதுவெதுப்பான எலக்ட்ரானிக் பலகையின் மேல் குடியேறிவிடும், ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். எங்கள் வீட்டில் முதலில் வாங்கியது அப்படித்தான் போனது, மெக்கானிக் திறந்து காட்டியபோதுதான் புரிந்தது. ராத்திரி துடைத்து, நிமிர்த்தி வைத்து, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். இரண்டாவது, அழுக்காகக் கூடாது என்று அடியில் பேப்பரோ பிளாஸ்டிக் விரிப்போ போடுவது. அது உள்ளே இருக்கும் ஃபேனின் காற்றை அடைத்துவிடும். மூன்றாவது, சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்குவது. அணைத்த பிறகும் ஃபேன் ஓடி உள்சூட்டை இறக்க வேண்டும், அது நின்ற பிறகு ஸ்விட்ச்சை அணையுங்கள்.

கேஸ் தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கறுக்கிறது. என்ன செய்வது?

கேஸோடு காற்று போதுமான அளவு கலக்கவில்லை. பர்னர் மூடியைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உள்ளே நாசில் (கேஸ் வெளிவரும் சின்னத் துளை) அடைத்திருக்கும் அல்லது காற்று வரும் வழி மாறியிருக்கும், அதை மெக்கானிக் பார்க்கட்டும். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரியும், அது உப்பின் நிறம், கவலை இல்லை. சிலிண்டர் தீரப்போகும்போதும் தீ நிறம் மாறலாம்.

கண்ணாடி மேல்பகுதி வைத்த கேஸ் அடுப்பு வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்கும். பெரியம்மா வீட்டில் நடந்தது, நான் பக்கத்து அறையில் இருந்தேன். விருந்துக்காக அகலமான அண்டாவைப் பெரிய பர்னரில் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார்கள், அடியில் அடைபட்ட சூடு கண்ணாடியிலேயே தங்கி, ஒரு நொடியில் மேல்பகுதி முழுவதும் கல்கண்டு மாதிரி சிதறியது. நல்லவேளை யாருக்கும் காயமில்லை. உறுதியாக்கிய கண்ணாடி என்றாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. அகல அண்டா, சூடான கண்ணாடியில் ஈரத்துணி, சூடான குக்கரை பர்னரை விட்டு இறக்கிக் கண்ணாடி மேலேயே வைப்பது, இவை மூன்றையும் தவிர்த்தால் பயம் பெரும்பகுதி போய்விடும். அடிக்கடி பெரிய அளவில் சமைக்கும் வீடு என்றால் எவர்சில்வர் உடம்பு அடுப்பையே வாங்குங்கள். அழகு கொஞ்சம் குறையும், இருபது வருடம் உழைக்கும்.

மேடையில் பதிக்கும் ஹாப் வாங்கலாமா?

சொந்த வீடு, மேடையைக் கிரானைட் வெட்டித் தயார் செய்ய முடியும், சர்வீஸ் ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்றால் வாங்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் வெட்டும் அளவு வேறு, பழுதாகி மாற்றும்போது அதே அளவில் கிடைக்காமல் மேடையை மறுபடி வெட்டியவர்கள் உண்டு. வாங்கினால் தீ அணைந்ததும் கேஸைத் தானே நிறுத்தும் வசதி உள்ளதாகப் பாருங்கள். பர்னர் ஓரத்தில் சின்ன முனை ஒன்று இருக்கும், அது காய்ந்திருக்கும் வரைதான் கேஸ் வரும். பற்றவைத்த பிறகு குமிழை நாலைந்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

கேஸ் வாசனை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எந்த ஸ்விட்ச்சையும் தொடாதீர்கள். லைட்டைப் போடவும் வேண்டாம், எரியும் லைட்டை அணைக்கவும் வேண்டாம், வாசனையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது மிகப் பெரிய ஆபத்து, ஸ்விட்ச்சில் வரும் சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, முடிந்தால் கழற்றிப் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே நின்று கேஸ் கசிவு உதவி எண்ணான 1906க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து மூலையில் தங்கும், அதனால் கதவைத் திறப்பது மேல் ஜன்னலை மட்டும் திறப்பதைவிட முக்கியம்.

வாசனை வராத நாளிலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. டியூபில் அச்சடித்த தேதியைப் பாருங்கள், ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும், சிலிண்டரை அடுத்த பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டிசம்பர் வரை. அந்தக் காலம் கடந்துவிட்ட சிலிண்டரை வாங்க மறுக்கலாம். அடுப்பு எப்போதும் சிலிண்டரை விட உயரத்தில் இருக்கட்டும்.

குழாய் கேஸ் வருகிறது. பழைய அடுப்பையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், நாசிலை மாற்ற வேண்டும். குழாயில் வருவது வேறு கேஸ், அதே அளவு கேஸில் சூடு குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் துளை பெரிதாக இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வருபவர்களே மாற்றித் தருவார்கள். நீங்களாகத் துளையைப் பெரிதாக்க முயல வேண்டாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இண்டக்ஷன் பக்கம் போகலாமா?

இரண்டடி தூரம் விட்டு நின்றால் போதும் என்பது பொதுவான அறிவுரை. ஆனால் குனிந்து கிளறும்போது நெஞ்சு அடுப்புக்கு மேலே வந்துவிடும், அதனால் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே பயன்படுத்துங்கள். மற்றவர்கள் கதிர்வீச்சு என்று பயப்பட வேண்டியதில்லை.

புது வீட்டில் இன்னும் கேஸ் இணைப்பு வரவில்லை, பால் காய்ச்ச என்ன செய்வது?

5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கலாம், முகவரிச் சான்று கேட்பதில்லை. ஒற்றை பர்னர் அடுப்போடு வைத்தால் தீ பார்த்துப் பால் பொங்கும். வாடகைக்கு அடிக்கடி மாறுகிறவர்களுக்கும் இது வசதி.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். எதை வாங்கிக் கொடுப்பது?

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அடுப்பு பால் பொங்கி அணைவதற்கு உதவும், எரிந்துகொண்டே இருப்பதற்கு உதவாது. இவருக்கு இண்டக்ஷன் நல்லது. டைமர் உண்டு, பாத்திரத்தை எடுத்தால் நின்றுவிடும், அதிகம் காய்ந்தால் தானே அணையும். ஆனால் தொட்டால் வேலை செய்யும் பட்டன் வைத்ததை வாங்கிக் கொடுக்காதீர்கள், ஈரக் கைக்கு அது சரியாகக் கேட்காது, எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தும் பட்டனோ திருகும் குமிழோ இருக்கட்டும். அவர் எப்போதும் காபி போடும் பாத்திரத்துக்கும் சாதம் வைக்கும் குக்கருக்கும் அதே அளவில், அதே கைப்பிடியில் காந்த அடி வைத்ததைத் தேடி வாங்குங்கள். ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கி அவரோடு சேர்ந்து சமையுங்கள். முதல் ஒரு மாதம் கேஸையும் அப்படியே விட்டு வையுங்கள், அவராகவே இண்டக்ஷனைத் தேடிப் போக ஆரம்பித்த பிறகு சிலிண்டரை மூடிக்கொள்ளலாம்.